பின்கதவுக்காரர்

அவள் வால்வை மூடினாள்.

மேலே சாரத்தில் குந்தியபடி கப்பலின் பின்கதவுக் கீலை அறுத்துக்கொண்டிருந்தவன் கையில் நீலச் சுடர் இரண்டு முறை இருமியது. பிறகு படாரென்று ஒரு சத்தம் விட்டு அணைந்தது. அவன் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கீழே பார்த்தான். சிலிண்டர் வண்டிக்குப் பக்கத்தில், வால்வுச் சாவியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். மறைத்துப் பயனில்லை. அந்த யார்டில் கேஸ் கட்டர் பிடிக்கும் ஒரே பெண் அவள்தான். எது நடந்தாலும் எல்லாரும் முதலில் அவளைத்தான் பார்ப்பார்கள்.

“தட்டு மகளா?” என்றான் மேலே இருந்தவன். “உங்கப்பன் மூடாததையெல்லாம் நீ இப்ப ஒண்ணொண்ணா மூடிட்டு வர்றியாக்கும்?”

பக்கத்தில் இரும்புத் தகடு அடுக்கிக்கொண்டிருந்த இருவர் சிரித்தார்கள். அவளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து இதே பாட்டுத்தான். ராகம் மட்டும் மாறும். பேச்சு ஒரு காதில் நுழைந்தது, உள்ளே எங்கும் இடிக்காமல் மறு காது வழியாக வெளியே போனது.

தேநீர்க் கிளாஸோடு மேஸ்திரி வந்துவிட்டார். வெளியூர்க்காரர். கப்பல் உடைக்கும் கம்பெனியோடு வந்தவர். ஊர்க்கதை எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. யார் கேஸை நிறுத்தியது என்று கேட்டார்.

“நான்தான் மேஸ்திரி. கதவுக்குப் பின்னாடி இருக்கற குழியில சேறு எடுக்கல. அப்படியே அடைச்சுக் கிடக்கு. உள்ள காத்து தங்கியிருந்தா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாததா?”

அவருக்குத் தெரியும். வருடக்கணக்கில் மூடிக் கிடந்த சேற்றுக்குள் எண்ணெயும் அழுகலும் சேர்ந்து ஒரு வாயு ஊறியிருக்கும். சுடர் பட்டால் ஆளைத் தேடி எடுக்கப் பக்கத்துத் தெருவுக்குப் போக வேண்டும். தெரிந்துதான் அறுக்கச் சொல்லியிருந்தார். கதவைத் தூக்க கிரேன் வரப்போகிறது, அவருக்கு அவசரம். ஆனால் இப்போது நாலு பேர் காதில் விழுந்துவிட்டது. இனி அறுத்து ஏதாவது ஆனால் அவர் தலைதான் உருளும்.

தேநீரை ஒரே மடக்கில் குடித்து முடித்தார்.

“சாப்பாட்டுச் சங்கு ஊதினதும் கிரேன் வந்து நிக்கும். அதுக்குள்ள சேறு வெளிய வரணும். வாயைத் திறந்தது நீதானே? நீயே போய் வாரு.”

அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

*

அந்தக் கப்பல் மூழ்கியபோது அவள் சின்னக் குழந்தை.

இக்கரையிலிருந்து அக்கரைக்கு லாரிகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போகிற ஃபெர்ரி. துறைமுக வாயைத் தாண்டி அலை கொஞ்சம் உயரமாக எழும்பும் இடத்தில், பட்டப்பகலில், கரையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டில் சாய்ந்து போனது. நூறு பேருக்கு மேல் அதோடு போனார்கள். பாதி உடல்கள் கிடைக்கவே இல்லை. எடுத்துத் தாருங்கள் என்று குடும்பங்கள் மனுக்கொடுத்தே களைத்துப்போயின. செலவு கட்டுப்படியாகாது என்று பதில் வந்துகொண்டே இருந்தது. இப்போது பெரிய பெரிய கப்பல்கள் உள்ளே வர வேண்டும், துறைமுகக் கால்வாயின் ஆழம் போதவில்லை என்றதும் ஒரே வருடத்தில் சங்கிலி போட்டுத் தூக்கிவிட்டார்கள். செத்தவர்களுக்காக எடுக்காத கப்பலை வரப்போகிறவர்களுக்காக எடுத்தார்கள்.

அதன் பின்பக்கம் முழுவதும் ஒரே கதவு. கீழே இறக்கினால் லாரி ஏறும் பாலம். மேலே ஏற்றினால் கப்பலின் சுவர். கைவின்ச்சைச் சுற்றிச் சங்கிலியால் ஏற்ற வேண்டும். முழுதாக ஏறியதும் பக்கத்துக்கு ஒன்றாக, கை தடிமனுள்ள இரண்டு இரும்பு முளைகளைத் துளையில் இறக்க வேண்டும். அப்புறம் கதவு அசையாது. இந்த வேலைக்கென்று இருக்கும் ஆளுக்குப் பின்கதவுக்காரர் என்று பெயர். கடல் பக்கம் திறந்திருக்கும் கதவோரம் நின்று சுற்றுவதால் இடுப்பில் ஒரு வார் கட்டி, அதன் கொக்கியைச் சுவரிலுள்ள வளையத்தில் மாட்டிக்கொள்வார்.

கதவு மூடியாகிவிட்டது என்று மேலே சுக்கான் அறையில் இருக்கும் கேப்டனுக்கு எப்படித் தெரியும்? அதற்கு முதலில் ஒரு பச்சை விளக்கு வைத்திருந்தார்கள். உப்புக்காற்று பட்டு அது எரிய வேண்டிய நேரத்தில் எரியாமலும் எரியக் கூடாத நேரத்தில் பளிச்சென்றும் இருந்து, தேர்தலில் ஜெயித்த ஆளைப் போல நடந்துகொண்டது. அதனால் ஊழியர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பின்கதவுக்கும் சுக்கான் அறைக்கும் நடுவே ஒரு தண்ணீர்க் குழாய் ஓடுகிறது. முளைகளை இறக்கியதும் பின்கதவுக்காரர் சுத்தியலால் அந்தக் குழாயில் மூன்று தட்டுத் தட்டுவார். கேப்டன் காதில் மூன்று தட்டு விழுந்தால் கப்பல் கிளம்பும்.

நாள் போகப் போக அதிலும் ஒரு குறுக்குவழி முளைத்தது. முதலில் தட்டிவிடுவது, பிறகு ஏற்றுவது. கப்பல் துறையை விட்டு விலகி மூக்கைத் திருப்புவதற்குள் கை பழகியவர்கள் கதவையும் ஏற்றி முளையும் போட்டுவிடுவார்கள். எல்லாரும் செய்தார்கள். எல்லாருக்கும் தெரிந்தும் இருந்தது.

அவளுடைய அப்பா மட்டும் செய்யமாட்டார். கதவு ஏறி, முளை இறங்கி, அதைக் கையால் ஒரு முறை ஆட்டிப் பார்த்த பிறகுதான் சுத்தியலையே தொடுவார். ஊழியர்கள் அவருக்கு ஆமை என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆமைக்கு டூட்டி என்றால் அக்கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் மீசை நரைத்துவிடும் என்று கேப்டன்களே கேலி செய்வார்களாம். கப்பலின் இன்ஜின் அறையிலிருந்து தப்பிய ஒருவர் இதை அவளிடம் சொல்லியிருந்தார்.

அன்றைக்குக் கதவு திறந்திருந்தது. அந்த வழியாகத்தான் தண்ணீர் புகுந்தது.

மேல்தளத்தில் வேலை பார்த்தவர்களில் உயிரோடு தண்ணீரிலிருந்து தூக்கப்பட்டவர் அவளுடைய அப்பா ஒருவர்தான். விசாரணையில் இரண்டே கேள்விக்கு அவர் வாயைத் திறந்தார். அன்றைக்குப் பின்கதவுக்காரர் நீதானே? ஆமாம். மூன்று தட்டு தட்டியது நீதானே? ஆமாம். பிறகு எதற்கும் பதிலில்லை. சிறைக்குப் போனார். அவர் உள்ளே இருந்தபோதே அம்மா போய்ச் சேர்ந்தாள். ஊர் அவருக்கு மூணு தட்டு என்று பெயர் வைத்தது. அவளுக்குத் தட்டு மக.

அவளை வளர்த்தது சித்தி. அப்பாவின் தம்பி மனைவி.

இதில்தான் ஊரே வாயடைத்துப் போனது. ஏனென்றால் சித்தப்பாவும் அதே கப்பலில் போனவர். அக்கரையில் ஒரு வேலை விஷயமாக ஆளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. துறைமுகத்து நினைவுக் கல்லில் பயணிகள் வரிசையில் அவர் பெயர் இருக்கிறது. புருஷனைக் கொன்றவன் மகளுக்குச் சோறு போட்டு வளர்த்தாளே, அவள் மனுஷியா தெய்வமா என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

மகளுக்குத்தான் சோறு. அப்பா சிறையிலிருந்து வந்து அதே வீட்டு மாடியில் குடியேறிய நாளிலிருந்து சித்தி அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மாடிப்படியில் கால் வைத்ததில்லை. ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால் கீழே முற்றத்துக் குழாயைப் பார்த்துச் சொல்வாள். சில பேர் கதவை மூட மறந்து ஊரை முழுகடிப்பாங்க, ஆனா குளிச்சா குழாயை மட்டும் இறுக்கி மூடிருவாங்க என்று அந்தக் குழாயிடம் சித்தி சொல்லாத நாளில்லை. மேலே அப்பா கேட்டுக்கொண்டிருப்பார்.

அவளுக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. ராத்திரி வீட்டுத் தாழ்ப்பாளை மூன்று தரம் ஆட்டிப் பார்க்கிற மனுஷன் கப்பல் கதவைத் திறந்து போட்டிருப்பாரா? மாட்டார் என்று அவள் நம்பினாள். முளை உடைந்திருக்கும், பழைய கப்பல், துருப்பிடித்த இரும்பு. உடைந்த முளை துளைக்குள்ளேயே இருந்தால் குற்றம் கப்பலுடையது. முளை உடையாமல் சங்கிலியில் சும்மா தொங்கினால் குற்றம் அப்பாவுடையது. இதைப் பார்க்கத்தான், வேறு யார்டில் இருந்த வேலையை விட்டுவிட்டு, தூக்கிய கப்பலை உடைக்க ஆள் எடுக்கிறார்கள் என்றதும் இங்கே வந்து சேர்ந்தாள்.

சாப்பாட்டுச் சங்குக்கு அப்புறம் அந்த முளைகள் கதவோடு சேர்ந்து பழைய இரும்பு.

*

குழிக்குள் உட்காரத்தான் முடிந்தது. நிமிர்ந்தால் தலை இடித்தது. அவள் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு, கைமண்வெட்டியால் வாளியில் சேற்றை அள்ளி வெளியே தள்ளினாள். சேறு தாரைப் போலக் கறுப்பாக இருந்தது. உப்பும் பழைய டீசலும் கலந்த வாடை. வெளியே நின்றவன் வாளியைக் கொட்டிவிட்டுக் காலியாக உள்ளே தள்ளினான். ஒவ்வொரு தடவையும் உள்ளே புதையல் கிடைத்தால் பங்கு தர வேண்டும் என்றான்.

முதலில் வின்ச் தெரிந்தது. பிறகு வலப்பக்கத்து முளை.

சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

சிப்பி ஒட்டிப் பருத்திருந்தாலும் முளை முழுசாக இருந்தது. ஒரு கீறல் இல்லை. துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். வெறும் சேறு.

அவள் இடப்பக்கத்துக்கு நகர்ந்து அங்கேயும் வாரினாள். ஒரு முளையாவது உள்ளே இருக்கட்டும் என்று நினைத்தாளா என்பது பிறகு யோசித்தபோது அவளுக்கே ஞாபகம் வரவில்லை. கை மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. இரண்டாவது முளையும் தொங்கியது.

அவ்வளவுதான். ஊர் சொன்னது சரி. குழாயிடம் சித்தி சொன்னது சரி. மேலே இருந்தவன் கேலி செய்ததும் சரி. அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. வாளி காலியாக வந்தது; நிரப்பினாள்.

வின்ச்சுக்குக் கீழே மண்வெட்டி எதிலோ மாட்டி இழுத்தது. கையால் துழாவினாள். சுவரில் ஒரு வளையம், வளையத்தில் ஒரு கொக்கி, கொக்கியிலிருந்து ஒரு நைலான் வார். பின்கதவுக்காரரின் இடுப்பு வார். சேற்றை வழித்துவிட்டுப் பித்தளைப் பக்கிளில் நெற்றி விளக்கைக் காட்டினாள். நாற்பத்தொன்று என்று பொறித்திருந்தது.

அப்பாவின் வேலை எண். வீட்டில் அவருடைய பழைய டிபன் பாக்ஸ் மூடியிலும் அதே எண்தான் இருக்கிறது.

தப்பிக்கும்போது கழற்றிப் போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்துத் தன் பக்கம் இழுத்தாள். வார் அவிழ்ந்திருக்கவில்லை. பக்கிள் பூட்டியபடியே இருந்தது. இடுப்பைச் சுற்றிக் கட்டிய வாக்கில், வட்டமாக, மூடிக் கிடந்தது.

வட்டத்துக்குள் எலும்புகள் இருந்தன.

அவள் அசையவில்லை. வெளியே இருந்தவன் என்ன சத்தத்தையே காணோம் என்று கேட்டான். வாளி கனமாக இருக்கிறது என்றாள். தன் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அந்த வட்டம் சின்னது. அவள் இடுப்புக்குக்கூடப் பிடித்துத்தான் வரும். அப்பா பாறை மாதிரி ஆள். சிறை தின்றது போக மிச்சமே இன்னும் இரண்டு ஆள் அகலம். வாரில் பித்தளை வளையம் அடித்த ஓட்டைகள் வரிசையாக இருந்தன. பக்கிளின் ஊசி அவற்றில் ஒன்றிலும் இல்லை. எல்லாவற்றையும் தாண்டி ஒரு சாண் தள்ளி, வளையம் இல்லாத ஒரு ஓட்டையில் குத்தியிருந்தது. கடையில் போட்ட ஓட்டை இல்லை. சுடவைத்த எதையோ வைத்துத் துளைத்தது. ஓரத்தில் நைலான் உருகி, தடித்து நின்றது.

அப்பாவின் வார். அப்பா இல்லாத ஒரு ஆள்.

விதி அவளுக்குத் தெரியும். எலும்பு கண்டால் எதையும் தொடாமல் விசில் ஊத வேண்டும். அவள் ஊசியை நெம்பி எடுத்தாள். வாரை உருவிச் சுருட்டினாள், கருவிப்பைக்குள் போட்டாள், மேலே ஸ்பானர்களைப் பரப்பினாள். அதற்குப் பிறகுதான் விசிலை எடுத்து ஊதினாள்.

*

கிரேன் வந்து சும்மா நின்றது. மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அலுவலர்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், எலும்புகளை நீல பிளாஸ்டிக் விரிப்பில் கட்டிக்கொண்டு போனார்கள். யாரோ பயணி, தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து மூலையில் சேர்த்திருக்கும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அவளிடம் இரண்டு கேள்வி கேட்டார்கள். இரண்டுக்கும் ஆமாம் என்றாள். சொன்ன பிறகுதான் அது அப்பாவின் பதில் என்று உறைத்தது.

கேட்டுக்கு வெளியே, கம்பிவேலி ஓரத்தில் சித்தி நின்றிருந்தாள். கப்பலைத் தூக்கிய நாளிலிருந்து தினமும் வந்து நிற்கிறாள். அவளைப் போலப் பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். எல்லாரும் எதையாவது கேட்பார்கள், மோதிரம், கைக்கடிகாரம், கட்டிய பல். சித்தி எதுவும் கேட்கமாட்டாள். வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

“ஏதோ கிடைச்சுதாமே கண்ணு?”

“ஆமா சித்தி.”

“எந்தப் பக்கம்?”

“பின்னாடி. கதவுகிட்ட.”

சித்தி தலையை ஆட்டினாள். எதிரே நின்றவள் தோளில் தொங்கிய கருவிப்பையை ஒரு தடவை பார்த்தாள், சாப்பிட்டாயா என்றாள். பிறகு பதிலுக்கு நிற்காமல் நடக்க ஆரம்பித்தாள்.

*

அப்பா மேசையில் திருகாணி பிரித்துக்கொண்டிருந்தார். இரும்புக்கடைக்காரர் சாக்கு மூட்டையாகக் கலந்து அனுப்புவார்; இவர் அளவுவாரியாகப் பிரித்துப் பொட்டலம் கட்டித் தர வேண்டும். சிறையிலிருந்து வந்தவருக்கு ஊரில் கிடைத்த ஒரே வேலை. பேச வேண்டியதில்லை என்பதால் அவருக்கும் பிடித்திருந்தது.

“மணிக்கட்டுல என்ன?” என்றார், தலையை நிமிர்த்தாமலே.

அவள் பார்த்தாள். பட்டாணி அளவுக்குத் தோல் வெந்து வெள்ளையாக இருந்தது. காலையில் எங்கோ பொறி பட்டிருக்கிறது. இப்போதுதான் பார்க்கிறாள். இன்னும் வலிக்கவில்லை.

கருவிப்பையைத் திறந்து வாரை எடுத்துத் திருகாணிகளுக்கு நடுவே வைத்தாள்.

அவர் கை நின்றது. அப்பாவின் கை வேலைக்கு நடுவே நின்று அவள் பார்த்ததில்லை.

“முளை ரெண்டும் தொங்குதுப்பா,” என்றாள். “உடையல. யாரும் போடவே இல்ல. அதைப் பார்த்துட்டேன். அதோட இதையும் பார்த்தேன். பூட்டினபடியே இருந்துச்சு. உள்ள ஆள் இருந்தாங்க. யாருப்பா அது?”

அவர் பக்கிளைக் கட்டைவிரலால் தேய்த்தார். எண் தெரியும்வரை தேய்த்தார். யாரோ கேட்ட கணக்குக்கு விடை சொல்வது போலச் சொன்னார்.

“நான் அந்தக் கப்பல்லயே இல்லம்மா.”

பிறகு மீதியைச் சொன்னார். அதிகம் இல்லை. தம்பிக்கு நிலையான வேலை கிடையாது. பின்கதவில் ஒரு இடம் காலியாகப் போகிறது, ஒரு நாள் தனியாகச் செய்து காட்டினால் கேப்டனிடம் தைரியமாகப் பேசலாம், உன் டூட்டியை ஒரே ஒரு நாள் கொடு அண்ணே என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான். ஆள் மாற்றுவது தெரிந்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும். அதனால் வீட்டில்கூடச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு முதல் நாள் சாயங்காலம் வாரைக் கொடுத்தார். தட்டுவது கடைசியில்தான் என்று படித்துப் படித்துச் சொன்னார். தம்பி சரி சரி என்றான். ஆனால் அவன் அண்ணன் வேலை செய்வதை மட்டுமா பார்த்திருந்தான்? மற்றவர்களையும்தான் பார்த்திருந்தான். அண்ணனைத்தான் ஆமை என்று கூப்பிட்டார்கள். மற்றவர்களைக் கெட்டிக்காரர்கள் என்றார்கள்.

“நான் துறையில நின்னு பாக்கறேன். மூணு தட்டு கேட்டுச்சு. கப்பல் நகருது. கதவு இன்னும் கீழயே தொங்குது. அப்புறம்தான் அவன் சுத்த ஆரம்பிக்கறான். பழக்கமில்லாத கை. பாதி ஏறிச்சு. நான் கத்தறேன், அவன் சிரிச்சுட்டுக் கையைக் காட்டறான். ரொம்ப நல்லா போகுதுன்னு நான் சொல்றதா நெனச்சான் போலிருக்கு.”

கப்பல் சாய்ந்ததும் அவரும் தண்ணீரில் குதித்தார். தம்பியைத் தேடி எவ்வளவு நேரம் நீந்தினார் என்று தெரியாது. மீட்புப் படகு வந்து மற்றவர்களோடு இவரையும் தூக்கிப் போட்டது. கம்பளியைப் போர்த்திவிட்டு யாரோ கேட்டார்கள், பின்கதவுக்காரர் நீதானே என்று. வேலை அதுதான், ஆமாம் என்றார். முதல் தடவை அது பொய்யே இல்லை. அதற்குள் கரையில் கூட்டம் கூடிவிட்டது. கதவைத் திறந்து போட்டவன் யார், அவன் குடும்பம் எங்கே என்று கல்லோடு தேடினார்கள். தம்பி மனைவி கூட்டத்துக்கு நடுவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிறைமாதம். அதற்குப் பிறகு கேட்டவர்களுக்கும் அதே ஆமாம்தான்.

“உங்களுக்கும் குடும்பம் இருந்துச்சேப்பா,” என்றாள் அவள். கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “நானும் இருந்தேன்.”

“இருந்தே.” அவர் தலையசைத்தார். “அதை யோசிச்சது அப்புறம். யோசிக்கறப்போ உள்ள இருந்தேன்.”

ஒரு திருகாணியை எடுத்து அதன் குவியலில் போட்டார். பிறகு அவர் சாக்கை இழுத்தார்.

“இதை உருக்கிரு. நாளைக்கே கட்டரைப் பிடிச்சு ஒண்ணுமில்லாம பண்ணிரு. உங்க சித்திக்குத் தெரியவே கூடாது. வேலை விஷயமா அக்கரைக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் அவன் வந்திருக்கான். விசாரணையில அவளே சொன்னா. அவ அதையே நம்பிட்டு இருக்கட்டும். அவ பையன் அந்தக் கல்லுல அப்பன் பேரைத் தொட்டுப் பாத்து வளர்ந்தவன். அதுக்காகத்தான் இவ்வளவும்.”

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது.

இருவரும் திரும்பினார்கள். அந்தப் படியில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் ஏறி அவர்கள் கேட்டதில்லை. சத்தம் மெதுவாக வந்தது, நடுவில் ஒரு தடவை நின்றது, மறுபடி ஏறியது. வாசலில் சித்தி. கையில் ஒரு மூடி போட்ட கிண்ணம். மேலே வருவதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று கொண்டுவந்தது.

அப்பா சாக்கை வாரின் மேல் போட்டார். தாமதமாகத்தான் போட்டார். பாதி வெளியே தெரிந்தது.

சித்தி கிண்ணத்தை மேசையில் வைத்தாள். சாக்கை விலக்கினாள். வாரை எடுத்து ஒரு முனையிலிருந்து விரலாலேயே தடவிக்கொண்டு போனாள், பித்தளை வளையங்களை ஒவ்வொன்றாகத் தாண்டி. கடைசி ஓட்டைக்கு வந்ததும் சுண்டுவிரலை உள்ளே விட்டாள். அது சரியாகப் போனது.

“என்னோடது,” என்றார் அப்பா. “எண்ணைப் பாரும்மா. நாப்பத்தொண்ணு. என்னோட வார்தான். அவசரத்துல கழட்டிப் போட்டுட்டு வந்தேன்.”

பல வருடங்களுக்குப் பிறகு சித்தி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். குழாயிடம் பேசும் குரலில் இல்லை. வெகு சாதாரணமாக, உப்பு போதுமா என்று கேட்கிற மாதிரிப் பேசினாள்.

“உங்களோடதுதான் அத்தான். அவர் இடுப்புல நிக்கல, நழுவி நழுவி விழுந்துச்சு. அன்னிக்குக் காலையில ஆணியை அடுப்புல காய வெச்சு இந்த ஓட்டையைப் போட்டது நான்தான்.”